மலைநடைக்கு எந்த அடுப்பு? கிளிநொச்சியில் இருந்து நால்வர் கேட்கிறோம்

இரணைமடுக்காரன் எழுதியது:

வணக்கம். நாங்கள் கிளிநொச்சியைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். வருகிற ஓகஸ்ட் விடுமுறையில் மலையகத்தில் நான்கு நாட்கள் நடப்பதற்குத் திட்டமிட்டிருக்கிறோம். ஹந்தானையில் தொடங்கித் தேயிலைத் தோட்டங்களின் ஊடாக 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் பீக்கோ நடைபாதையில், ஹப்புத்தளைப் பக்கத்துக் கட்டங்களை மட்டும் நடந்துவிட்டுத் திரும்புவது முதற் பயணம். அது சரிவந்தால், அடுத்த ஆண்டு கதிர்காமப் பாதயாத்திரையில் வற்றாப்பளையில் சேர்ந்து இறுதிவரை நடக்க வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. மேடு என்றால் குளக்கட்டைத் தவிர வேறொன்றையும் அறியாத ஊரில் பிறந்தவர்கள் நாங்கள் என்பதால், இந்தக் கேள்வி சிலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பை, கூடாரம், சப்பாத்து எல்லாம் ஆயத்தம். அடுப்பில்தான் நால்வரும் நான்கு பக்கம் இழுக்கிறோம். ரொறன்ரோவில் இருந்து வந்த என் மச்சான் விட்டுச் சென்ற திருகு அடுப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 95 கிராம் காட்டியது. ஆனால் அதனைத் திருகிப் பொருத்துவதற்கான குட்டையான காஸ் பேணி எங்கள் டவுனில் நான் கேட்ட எந்தக் கடையிலும் இல்லை, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் மச்சானும் கொண்டுவரவில்லை. டவுனில் கிடைப்பது, பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வரும் தட்டையான மேசை அடுப்பு. நுளம்பு மருந்துப் பேணியைப் போல நீண்ட காஸ் பேணியை அதன் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பூட்டுகிறார்கள். அது ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நிறையுடையது, பைக்குள் செங்கல் வைத்ததுபோல் இடத்தையும் அடைக்கிறது. இன்னொரு நண்பன் தன் அம்மம்மாவின் பித்தளைப் பம்பு அடுப்பைத் துடைத்து எடுத்துவைத்திருக்கிறான். நான்காமவன் குளிர்பானத் தகரப் பேணியை வெட்டி ஸ்பிரிட் அடுப்புச் செய்வதை எங்கோ காணொளியில் பார்த்துவிட்டு, காசே செலவில்லை என்று நிற்கிறான்.

காலையில் தேநீர், மதியம் நூடில்ஸ், மாலையில் மறுபடியும் தேநீர், இரவில் சோறும் பருப்பும் ரின்மீனும் என்பதே எங்கள் சமையல். எங்களில் ஒருவனுக்கு இரவில் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு வயிற்றுக்குள் போகாவிட்டால் நித்திரை வராது என்பதையும் சொல்லிவைக்கிறேன். இவற்றில் எந்த அடுப்பை எடுப்பது, நான்கு நாட்களுக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


முல்லை_வாத்தியார் எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்த பழக்கத்தில் சற்று நீட்டித்தான் எழுதுவேன். நீங்கள் நால்வரும் அடுப்பைப் பற்றி வாதாடுகிறீர்கள். முதலில் முடிவெடுக்க வேண்டியது எரிபொருளைப் பற்றி. புறப்படும் ஊரிலும் போய்ச் சேரும் ஊரிலும் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரக்கூடிய எரிபொருள் எதுவோ, அதற்கு ஏற்ற அடுப்பையே தேட வேண்டும். 2022இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெறும் சிலிண்டரோடும் கானோடும் வரிசையில் நின்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டவுனில் கிடைக்கும் நீண்ட பேணிக்குள் இருப்பது பெரும்பாலும் பியூற்றேன். அதன் கொதிநிலை மறை 0.5 பாகை செல்சியஸ். மலையேறுவோருக்கென்று விற்கப்படும் குட்டைப் பேணிகளில் ஐசோபியூற்றேனையும் புரொப்பேனையும் கலந்திருப்பார்கள். ஐசோபியூற்றேன் மறை 11.7 பாகையிலும் புரொப்பேன் மறை 42 பாகையிலும் கொதிக்கும் என்பதால், பனிமலையிலும் அவை ஆவியாகி எரியும். நமது நாட்டில் அந்த வசதிக்குத் தேவை குறைவு. ஓகஸ்ட் மாதத்து ஹப்புத்தளையில் விடியற்காலைக் குளிர் உங்களை நடுங்கவைக்கலாம், பியூற்றேனை நிறுத்தாது. ஹோட்டன் சமவெளிபோல 2,000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில், தை மாசி மாதங்களின் விடியலில்தான் சுவாலை சோர்ந்துபோவதைக் காண்பீர்கள். எரிய எரியப் பேணி தன் வெப்பத்தையே இழந்து குளிர்கிறது. வெளியில் ஏற்கெனவே குளிர் என்றால் உள்ளே காஸ் மிச்சம் இருந்தும் அமுக்கம் போதாமல் போய்விடும். அப்போது பேணியை இளஞ்சூட்டு நீர் ஊற்றிய தட்டில் நிற்கவைத்தால் போதும். நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்; அவர்களைப் பின்பற்ற வேண்டாம்.

உங்கள் மச்சானின் அடுப்பை வீணாக்க வேண்டாம். திருகு அடுப்புக்கும் நீண்ட பேணிக்கும் இடையில் பொருத்தும் சிறிய இணைப்பி கொழும்பிலும் இணையக் கடைகளிலும் விற்கப்படுகிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பேணியை நிமிர்த்திவைத்து அதன் தலையில் அடுப்பைத் திருகுவது. ஒரு சாண் உயரப் பேணியின் உச்சியில் இரண்டு லீற்றர் கொதிநீரைத் தூக்கி வைப்பது எவ்வளவு நிலையானது என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். மற்றது மூன்று கால்களுடன் நிலத்தில் நின்று, பேணியைப் பக்கத்தில் படுக்கவைப்பது. இரண்டாவதையே வாங்குங்கள். படுக்கவைக்கும்போது பேணியின் கழுத்து வளையத்தில் உள்ள சிறு வெட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும். பேணிக்குள் வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. வெட்டு மேலே இருந்தால் அந்தக் குழாயின் வாயும் மேலே இருந்து ஆவியை மட்டும் எடுக்கும். கீழே திரும்பினால் திரவக் காஸே அடுப்புக்குள் வந்து, சுவாலை முகத்தளவுக்கு எழும்பும்.

வீட்டுச் சிலிண்டரில் இருந்து சிறு பேணிக்கு நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வீட்டுக் காஸில் புரொப்பேனும் கலந்திருக்கும். 40 பாகையில் பியூற்றேனின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. புரொப்பேனின் ஆவியமுக்கமோ பதின்மூன்று மடங்குக்கும் மேல். ஒருமுறை பாவித்து எறிவதற்கென்று செய்த மெல்லிய தகரம் அதைத் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. புதிய பேணியைக்கூட 50 பாகைக்கு மேல் சூடாக விடக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். நமது சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வாகனத்துக்குள் அந்த அளவு எளிதில் வந்துவிடும்.

இனிக் கணக்கு. ஒரு லீற்றர் நீரை 25 பாகையில் இருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ 315 கிலோயூல் சக்தி வேண்டும். ஒரு கிராம் பியூற்றேன் ஏறத்தாழ 46 கிலோயூல் தரும். ஆனால் சிறிய அடுப்பில் அதிற் பாதிக்கும் குறைவானதே பாத்திரத்துக்குள் போகிறது. ஆகவே லீற்றருக்கு 15 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் என்றால் 20 மில்லிலீற்றர். ஸ்பிரிட்டின் சக்தி குறைவு என்பதால் 35 மில்லிலீற்றர். நீங்கள் சொன்ன தேநீர், நூடில்ஸ், சோறு, பருப்பு எல்லாம் சேர்ந்து நால்வருக்கு ஒரு நாளைக்கு ஆறு லீற்றர் கொதிக்கவைப்பதற்குச் சமம் என்று எடுத்தால், நாளுக்கு 90 முதல் 100 கிராம் காஸ். நான்கு நாட்களுக்கு 220 கிராம் பேணி இரண்டு, கைகாவலுக்கு இன்னொன்று. இந்தக் கணக்கு முழுவதும் காற்றடிக்காத இடத்துக்கு உரியது. காற்றில் இது இரட்டிப்பாகும், சில வேளைகளில் நீர் கொதிக்கவே மாட்டாது. ஆகவே காற்று மறைப்பு இல்லாமல் போக வேண்டாம். ஆனால் பேணியையும் மறைப்புக்குள்ளே சேர்த்து மூடிவிடாதீர்கள், பேணி சூடேறும். படுக்கவைக்கும் இணைப்பியில் பேணி மறைப்புக்கு வெளியே கிடக்கும் என்பது அதை நான் சொன்னதற்கு இன்னொரு காரணம்.

சோற்றுத் தம்பிக்கு ஒரு சொல். 300 மீற்றர் ஏறினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே நீர் கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், புழுங்கலரிசி வேகாது. கூடாரம் அடிக்கும்போதே அரிசியைக் கழுவி ஊறவையுங்கள். ஒரு மணித்தியாலம் ஊறிய அரிசியை மூடியோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை நிறுத்திப் பாத்திரத்தைச் சாரத்தால் சுற்றி வைத்தால் மீதியை அதன் சூடே பார்த்துக்கொள்ளும்.

மழை வந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பை மூட்டக்கூடாது. தீப்பிடிப்பது ஒருபுறம், காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.


வவுனியாப்_பயணி எழுதியது:

வாத்தியார் ஐயா காஸைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஸ்பிரிட் அடுப்பை ஒரு வரியில் கடந்துவிட்டார் என்பதால், அதை இரண்டு ஆண்டுகள் பாவித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு அதைப்போல நிம்மதியான அடுப்பு வேறில்லை. அடைபடுவதற்குத் துளை இல்லை, பழுதாவதற்கு உறுப்பு இல்லை, சத்தமும் இல்லை. சுவீடனில் 1951 முதல் காற்று மறைப்போடு சேர்த்தே செய்யப்படும் திராங்கியா அடுப்பு இன்றைக்கும் ஏறக்குறைய அதே வடிவத்தில் விற்பனையாகிறது என்பதே அதற்குச் சான்று. ஆனால் நால்வருக்குச் சோறு சமைக்க அது சரிவராது. சுவாலையைக் கூட்டவோ குறைக்கவோ வசதி இல்லாத தகரப் பேணியில் பருப்பு அடிப்பிடிக்கும், மேலே வேகாமல் இருக்கும். நீங்கள் சொன்ன சமையலுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் ஸ்பிரிட் வேண்டும். மருந்துக் கடையில் சிறு போத்தலாக வாங்கிக் கட்டாது. அதிலும் சில போத்தல்களில் 70 வீதம்தான் மதுசாரம், மீதி நீர். எரிந்து முடியும்போது பேணியின் அடியில் ஈரம் தேங்கி, பாதிச் சமையலில் அணைந்துவிடும். வாங்கும்போது போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

காசே செலவில்லை என்று நிற்கும் தம்பிக்கு என் வலது கையைக் காட்ட வேண்டும். நக்கிள்ஸ் மலை அடிவாரத்தில் நண்பகல் வெயிலில் தேநீர் வைத்தேன். நீர் கொதிக்கு முன்பே அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்துப் போத்தலைச் சரித்து ஊற்றினேன். அணையவில்லை. பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட்டின் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. ஊற்றிய தாரை வழியாக நெருப்பு மேலே ஏறி வந்ததை, கையின் ரோமம் சுருண்டு கருகிய மணத்தில்தான் அறிந்தேன். போத்தலை எறிந்ததில் பக்கத்தில் கிடந்த துவாய் பற்றிக்கொண்டது. போத்தல் பிளாஸ்ரிக்காக இருந்ததும் அதில் கால்வாசியே மிச்சம் இருந்ததும் என் நல்ல காலம். அதற்குப் பிறகு, அணைந்ததா என்று பார்க்கக் காய்ந்த புல் ஒன்றை மேலே நீட்டிப் பார்ப்பேன். பேணி ஆறி, கையால் தொட முடிந்த பிறகே மறுபடி ஊற்றுவேன். ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் சுவாலை மஞ்சளாகத் தெரியும் என்று பிறகு ஒருவர் சொல்லித் தந்தார். செய்து பார்த்தேன், தெரிகிறது.

இன்னொன்று. தண்ணீர்ப் போத்தலில் ஸ்பிரிட்டை ஊற்றிக்கொண்டு போக வேண்டாம். நடந்து களைத்து வருகிறவன் போத்தலைப் பார்த்தால் மூடியைத் திறப்பான், முகர்ந்து பார்க்க மாட்டான்.


இரணைமடுக்காரன் எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. ஸ்பிரிட் கட்சிக்காரன் உங்கள் பதிலை வாசித்துவிட்டுக் கட்சி மாறிவிட்டான். இப்போது விறகே போதும் என்கிறான். மூன்று கல் வைத்துச் சமைக்காத வன்னியான் உண்டா என்பது அவனுடைய வாதம். அம்மம்மாவின் பித்தளை அடுப்பைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். பாதயாத்திரைக்கு அதுதான் ஏற்றது என்று ஊரில் சில பெரியவர்கள் சொல்கிறார்கள்.


ஒட்டுசுட்டான்_பழையவன் எழுதியது:

விறகுக்கார மகனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று கல்லில் சமைத்துத்தான் நாங்கள் எல்லோரும் உயிர் தப்பி வந்தோம், அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. பாலையும் வீரையும் நின்று எரியும், விளாத்திக் கொப்பு ஈரத்திலும் பிடிக்கும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நமது காட்டில், ஆட்கள் வழமையாக நடமாடாத இடத்தில், நிலத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். மண்டையோடு வரைந்த சிவப்புக் கண்ணிவெடிப் பலகை இல்லாத இடம் எல்லாம் துப்புரவான இடம் என்று எண்ண வேண்டாம். குப்பை கொளுத்தும்போது மண்ணுக்குள் கிடந்தது சூடேறி வெடித்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். அடுப்புக்குக் குழி தோண்டுவதும் அதே கதைதான். மலையகத்தில் அந்தப் பயம் இல்லை என்றாலும், தோட்டத்துக் காவற்காரர் பார்த்துக்கொண்டிருக்க எந்த மரத்தை முறிப்பீர்கள்? அங்கே ஓகஸ்டில் காய்ந்த புல் நிலங்கள் ஒரு பொறியில் மலைமுழுவதும் எரியும். நிலத்தைத் தொடாமல் உயர்த்திவைத்த அடுப்பே எந்த இடத்துக்கும் நல்லது.

பித்தளை அடுப்புக்கு வருவோம். வாத்தியார் அதன் பெயரையே எடுக்கவில்லை. காஸ்காரர் வழமையாகச் செய்வதுதான். சுவீடனில் லிண்ட்க்விஸ்ற் என்பவர் 1892இல் செய்த பிறைமஸ் அடுப்பின் வழிவந்தது அது. 1911இல் அமுண்ட்சென் தென்துருவத்துக்குக் கொண்டு சென்றதும், 1953இல் ஹில்லரியும் டென்சிங்கும் எவரெஸ்ற்றுக்குக் கொண்டு சென்றதும் அந்த வகை அடுப்பைத்தான். சோளகம் எவ்வளவு வீசினாலும் அந்த நீலச் சுவாலை இரைந்துகொண்டு நிற்கும். மண்ணெண்ணெய் இல்லாத சந்தி இந்த நாட்டில் குறைவு. விவசாயியும் மீனவரும் இருக்கும் இடத்தில் அது இருக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கிடைத்த சொட்டு மண்ணெண்ணெய் ஜாம் போத்தல் விளக்குக்கே காணாது என்பதால் எங்கள் வீட்டு அடுப்பு பரணில் கிடந்தது. தடை எடுபட்ட பிறகு இறக்கித் துடைத்தேன், அன்றைக்கே எரிந்தது.

அம்மம்மாவின் அடுப்பு பல காலம் சும்மா இருந்திருக்கும். பம்புத் தண்டைக் கழற்றிப் பாருங்கள்; நுனியில் கிண்ணம் போன்ற சிறு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்து சுருங்கியிருந்தால், எவ்வளவு அடித்தாலும் கைக்கு எதிர்ப்பே தெரியாது. தேங்காயெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, விளிம்பை விரலால் வெளிப்பக்கம் விரித்து, மறுபடி போடுங்கள். மண்ணெண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்தே ஊற்ற வேண்டும். சுவாலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ மஞ்சளானாலோ துளையைக் குத்துவதற்கான மெல்லிய ஊசி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு ஊசி வாங்கி, ஒன்றைத் தீப்பெட்டிக்குள் வையுங்கள். மூட்டும்போது தலைக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, அது எரிந்து முடியும் தறுவாயில்தான் காற்றுத் திருகை மூடிப் பம்பு அடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவன் முன்பே அடித்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே சீறி, ஆள் உயரத்துக்கு மஞ்சள் நெருப்பு எழும். பெற்றோலை அதற்குள் ஊற்றினால் அதற்குப் பிறகு சொல்வதற்கு எதுவுமில்லை.

ஆனாலும், தம்பி, உங்கள் ஓகஸ்ட் பயணத்துக்கு அதை எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். ஒரு கிலோவுக்கு மேல் நிறை, அதோடு மண்ணெண்ணெய்ப் போத்தல், ஸ்பிரிட் போத்தல். பஸ்ஸில் மண்ணெண்ணெய் மணந்தால் நடத்துநர் வவுனியாவிலேயே இறக்கிவிடுவார், அவர் செய்வதும் சரிதான். ஒரு துளி கசிந்தால் நான்கு நாளும் சோறு, சாரம், கூடாரம் எல்லாம் அதே மணம்தான்.

பாதயாத்திரை வேறு கணக்கு. செல்வச்சந்நிதியில் இருந்து வருகிறவர்களோடு வற்றாப்பளையில் சேர்ந்தால், கொக்கிளாய், புல்மோட்டை, திருகோணமலை, மூதூர், வெருகல் என்று மட்டக்களப்பைக் கடந்து பொத்துவில்வரை, வழியிலுள்ள கோயில்களிலும் ஊர்களிலும் அன்னதானம் கிடைக்கும். அந்தத் தூரம் முழுவதும் அடுப்பைச் சுமப்பது வீண். உகந்தை முருகன் கோயிலுக்குப் பிறகு காடு தொடங்குகிறது. குமணையும் யாலையும் கடந்து கதிர்காமம் சேரும்வரை கடை இல்லை, வீடு இல்லை. அங்கே பத்துப் பதினைந்து பேர் ஒரு குழுவாகத்தான் நடப்பார்கள், ஒரே உலையில்தான் சமைப்பார்கள். குழுவுக்கு ஒரு பம்பு அடுப்பு இருந்தால், கும்புக்கன் ஆற்றங்கரையில் பொழுதுபடும் நேரத்தில் விறகு தேடி யானை நிற்கும் பற்றைக்குள் நுழைய வேண்டியதில்லை. நான் நடந்த ஆண்டில் அப்படித்தான் செய்தோம், ஆளுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துச் சுமந்தோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: பாலைப்பழக் காலத்தில் பாலை மரத்தின் கீழ் அடுப்பு மூட்டவும் வேண்டாம், படுக்கவும் வேண்டாம். பழத்துக்கு வரும் கரடி உங்கள் பருப்பை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாது.


முல்லை_வாத்தியார் எழுதியது:

பழையவர் சரியாகவே குத்தினார். மண்ணெண்ணெய் அடுப்பை நான் தவிர்த்தது என் வீட்டுச் சுவரில் இன்றும் இருக்கும் கரியினால். பத்துப் பேருக்கு அதுவே நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரேயொரு சேர்க்கை: நடக்கும்போது தொட்டிக்குள் மண்ணெண்ணெயை விட்டுவைக்காமல் வடித்து, உலோகப் போத்தலில் தனியாகக் கொண்டு செல்லுங்கள். இன்னொரு விடயமும் மறந்துபோனேன். தேயிலைத் தோட்டப் பாதைகளில் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களுக்குப் பக்கத்தில் சிறு கடைகள் இருக்கும். ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயும் கிடைக்கும். மதியத்துக்கு அடுப்பை இறக்காமல் அங்கே சாப்பிட்டால் மூன்றாவது பேணிக்குத் தேவையே இராது, நம்மவர் கடைக்கும் நாலு காசு போகும்.


இரணைமடுக்காரன் எழுதியது:

மூன்று கிழமைகள் கழித்து எழுதுகிறேன். கால்வைத்த இணைப்பியைக் கொழும்பில் இருக்கும் சித்தப்பா வாங்கி பஸ்ஸில் அனுப்பிவைத்தார். நீண்ட பேணிகளை இங்கேயே டவுனில் வாங்கினோம். கடந்த ஞாயிறு மாலை, சோளகம் நன்றாக அடித்த நேரம் பார்த்து, அடுப்பைக் குளக்கட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். பலசரக்குக் கடைக்கார அண்ணா தன் சிறு தராசையும் தந்து, வேடிக்கை பார்க்கத் தானும் வந்துவிட்டார்.

மறைப்பில்லாமல் ஒரு லீற்றர் நீர் வைத்தோம். பதினெட்டு நிமிடம் பிடித்தது, பேணியில் 31 கிராம் குறைந்திருந்தது. பிறகு எண்ணெய்த் தகரத்தை வெட்டி மடித்த மறைப்பை அடுப்பைச் சுற்றி வைத்து, பேணியை வெளியே விட்டு, பாத்திரத்துக்கு மூடியும் போட்டு இன்னொரு லீற்றர் வைத்தோம். எட்டு நிமிடத்தில் மூடி ஆடத் தொடங்கியது. 16 கிராம்தான் போயிருந்தது. வாத்தியார் ஐயாவின் கணக்கில் ஒரேயொரு கிராம் பிழை. பேணியின் கழுத்து வெட்டைக் கீழே திருப்பினால் என்ன நடக்கும் என்று பார்க்க ஒருவன் ஆசைப்பட்டான்; தராசுக்கார அண்ணா அவனுடைய காதைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

சோறும் வைத்துப் பார்த்தோம். ஒரு மணித்தியாலம் ஊறிய 600 கிராம் சிவப்புப் புழுங்கலரிசிக்கு 34 கிராம் காஸ் போதுமாயிருந்தது; சாரத்தால் சுற்றி வைத்து அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது நடுவில் இரண்டு பருக்கை மட்டும் அரைவேக்காடு. ஆகவே மச்சானின் அடுப்பு, இணைப்பி, தகர மறைப்பு, இரண்டு பேணி, கைகாவலுக்கு ஒன்று என்று முடிவாகிவிட்டது. பித்தளை அடுப்பின் தோல் வாஷர் இப்போது தேங்காயெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது, அது அடுத்த ஆண்டுக்கு. மூன்று லீற்றர்ப் பாத்திரத்தை யார் சுமப்பது என்பதில் மட்டும் சிறு தகராறு வந்தது. சோறு இல்லாவிட்டால் நித்திரை வராதவனின் பையில்தான் அது போகிறது, மூடியோடு.